காய்ந்துபோன ரோஜாவை மீட்க: அறிகுறி பார்த்து ஒவ்வொன்றாக

மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரோஜாவைப் பார்த்ததும் மனசு கேட்காமல் பலரும் செய்யும் முதல் காரியம் உரம் வைப்பது. டிஏபி ஒரு பிடி, புண்ணாக்குக் கரைசல் ஒரு சொம்பு, மாட்டுச் சாணம் ஒரு கூடை. அடுத்த வாரம் செடி அடியோடு காய்ந்துவிடும். என்ன செய்தும் பிழைக்கவில்லை என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் செடியைக் கொன்றது பல நேரம் உரம்தான். காய்ந்தோ அழுகியோ நொந்துபோன வேரைச் சுற்றி உப்பு கரைந்த தண்ணீர் சேர்ந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. உள்ளே மிச்சமிருக்கும் நீரும் வெளியே இழுக்கப்படும். மக்காத சாணம் அதோடு சூட்டையும் சேர்த்துக் கொடுக்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து வேரும் தண்ணீரும். அப்புறம் கத்தரியால் கிளை வெட்டுவது. பிறகு நோயும் பூச்சியும். உரம் கடைசி. கீழே சொல்லியிருக்கும் அறிகுறிகளில் உங்கள் செடிக்குப் பொருந்துவதைத் தேடுங்கள். இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கலாம். அப்படி இருந்தால் இங்கே முன்னால் வருவதை முதலில் சரிசெய்யுங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலையும் மழையையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு மாதக்கணக்கு மாறும்.

இலையே இல்லை, வெறும் குச்சிதான் நிற்கிறது

இலை உதிர்ந்த ரோஜா எல்லாம் செத்த ரோஜா இல்லை. தண்ணீர் இல்லாதபோது இலையை உதிர்த்துவிட்டுத் தண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குணம் இந்தச் செடிக்கு உண்டு. கட்டைவிரல் நகத்தால் தண்டின் மேல்தோலை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பசையோடு பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்த இடம் போய்விட்டது. நுனியில் தொடங்கிக் கீழே இறங்கி இறங்கிச் சுரண்டுங்கள். மேலே முழுதும் காய்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டும் பச்சை இருந்தாலும் போதும், மீட்கலாம். எல்லாக் கிளையையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று செத்திருக்கும், பக்கத்துக் கிளை நன்றாக இருக்கும்.

அடுத்து பார்க்க வேண்டிய இடம் ஒட்டுக்கட்டிய முடிச்சு. நர்சரியில் வாங்கும் கலர் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. வேர் ஒரு முரட்டு ரகத்துடையது, மேலே பூப்பது வேறு ரகம். இரண்டும் சேரும் இடம் மண்ணுக்கு அருகே முண்டும் முடிச்சுமாகத் தடித்துத் தெரியும். அந்த முடிச்சுக்கு மேலே எங்காவது பச்சை இருக்க வேண்டும். முடிச்சுக்குக் கீழே மட்டும் உயிர் இருந்தால் துளிர் வரும், ஆனால் நீங்கள் வாங்கிய பூ வராது. வேர்ச்செடியின் சொந்தப் பூதான் வரும், அது பெரும்பாலும் சின்னதாகக் கொத்தாக இருக்கும். பன்னீர் ரோஜாவும் நாட்டு ரோஜாவும் குச்சி நட்டு வளர்த்தவையாக இருந்தால் இந்தக் கவலை வேண்டாம், எங்கிருந்து துளிர்த்தாலும் அதே பூ.

இது அம்மா வைத்த செடி, பாட்டி வீட்டிலிருந்து வந்த செடி, இதைப்போல இன்னொன்று கிடைக்காது என்றால், வேறு எதையும் தொடும் முன் உயிருள்ள கிளையிலிருந்து பென்சில் தடிமனில் சில குச்சிகளை எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 15 முதல் 20 செ.மீ. நீளம், 3 அல்லது 4 கணு. கீழ்நுனியை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, பாதி மணலும் பாதி மக்கிய உரமும் கலந்த மண்ணில் இரண்டு கணு புதைய நட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பன்னீர் ரோஜா சுலபமாக வேர் பிடிக்கும். பெரிய பூக்கலப்பினங்கள் அடம்பிடிக்கும், அதனால் கூடுதலாக நட்டு வையுங்கள். தாய்ச்செடி போனாலும் ரகம் கையில் இருக்கும்.

ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது

பல வாரம் காய்ந்த மண், அதிலும் தென்னை நார்த்தூள் கலந்த தொட்டி மண், தண்ணீரை ஏற்றுக்கொள்ளாது. மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும். நீங்கள் ஊற்றுவது அந்த வழியாக இறங்கி அடித்துளையில் வெளியே வந்துவிடும். தண்ணீர் ஊற்றினோம் என்று நீங்கள் நம்புவீர்கள், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும்.

தொட்டியானால் அதை அப்படியே ஒரு பெரிய பேசினில் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி இறக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும் வரை விட்டு, பிறகு வெளியே எடுத்து வடியவிடுங்கள். தரையில் உள்ள செடியானால் களைக்கொத்தியால் மேல்மண்ணை இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் கிளறுங்கள். ரோஜாவின் உறிஞ்சும் வேர் மேலாகத்தான் இருக்கும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றி வரப்பு கட்டிப் பாத்தியாக்கி, ஒரே மூச்சில் வாளியைக் கவிழ்க்காமல் கால் மணி நேர இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். முதல் தவணை மண்ணை இளக்கும், அடுத்தடுத்தவைதான் உள்ளே இறங்கும். அதன்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டு, தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். கரையான் உள்ள செம்மண் பூமியானால் வைக்கோலுக்குக் கீழே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள் தூவிவிடுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, செடி மட்டும் வாடுகிறது

மேலே சொன்னதை விட இது ஆபத்தானது. வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், அதோடு கதை முடியும். ஈர மண்ணில் வாடும் செடிக்கு வேர் அழுகியிருக்கிறது என்று பொருள். மண்ணுக்குள் காற்று இல்லாமல் வேர் மூச்சு முட்டிச் செத்திருக்கும், செத்த வேரில் பூஞ்சணம் ஏறியிருக்கும்.

தொட்டியைச் சாய்த்து மண்ணோடு செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்து நடுநார் மட்டும் நிற்கும். மண்ணில் சாக்கடை வாடை வரும். அழுகியதை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வேர் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ப மேல்கிளையையும் குறைத்துப் புது மண்ணில் நடுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் என்பது என் கலவை. தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். பாதி நேரம் காரணம் அங்கேதான் இருக்கும். மாடித் தொட்டிகளைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

தரையிலிருக்கும் செடியைப் பிடுங்க வேண்டாம். தண்ணீரை நிறுத்தி, செடியைச் சுற்றித் தேங்கும் நீர் வெளியேற ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம், அல்லது மக்கிய உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யாதீர்கள். முதலாவது பூஞ்சணத்தை ஒடுக்கும் மருந்து, இரண்டாவது நமக்கு உதவும் பூஞ்சணம்.

நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்குகிறது

கவனிக்காமல் விட்ட ரோஜாவில் நிச்சயம் பார்க்கக்கூடியது இந்த நுனிக்கருகல். பூ உதிர்ந்த காம்பிலோ, கையால் ஒடித்த இடத்திலோ, மழுங்கின கத்தரியால் நசுங்கின வெட்டிலோ பூஞ்சணம் நுழைந்து கீழ்நோக்கி நடக்கும். கிளை முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் கறுத்துப்போகும். அப்படியே விட்டால் அடித்தண்டு வரை இறங்கி ஒட்டுமுடிச்சையும் தின்றுவிடும்.

கறுப்பு முடியும் இடத்தில் வெட்டினால் போதாது. வெட்டிய குறுக்கு முகத்தைப் பாருங்கள்: தண்டின் நடுவில் மெத்தென்று இருக்கும் நடுச்சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்பு தெரிந்தால் நோய் இன்னும் கீழே இருக்கிறது. ஒரு அங்குலம், இன்னும் ஒரு அங்குலம் என்று வெள்ளை வரும் வரை இறங்குங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். வெட்டின முகத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடைத் தண்ணீரில் குழைத்துப் பசையாகப் பூசுங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசை கிடைத்தால் அதுவும் சரி. வெட்டிப்போட்ட குச்சிகளைச் செடியின் காலடியிலேயே விடாமல் அகற்றி எரித்துவிடுங்கள்.

நோய் போக மிச்சமிருக்கும் கிளைகளுக்குத்தான் கவாத்து, அதாவது செடி புதிதாகத் துளிர்க்கக் கிளைகளை வெட்டிக் குறைப்பது. அதற்குப் பருவம் பார்க்க வேண்டும். நோய்க்கிளையை எந்த மாதத்திலும் வெட்டலாம், வெட்டியே ஆக வேண்டும். ஆனால் செடியைப் பாதியாகக் குறைக்கும் பெருங்கவாத்தை அக்கினி நட்சத்திரத்தில் செய்தால், மிச்சமுள்ள தண்டு வெயிலில் வெந்துபோகும். நம் சமவெளியில் பெருங்கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலம் என்பார்கள். கடலோர மாவட்டங்களில் அதே மாதங்கள்தான் அடைமழையும். அங்கே ஐப்பசி மழைக்கு நடுவில் வெட்டி ஈரக்காயத்தைத் திறந்து வைப்பதை விட, மழை ஓய்ந்த மார்கழியில் வெட்டுவதே நல்லது என்பது என் கருத்து. கோவை, திண்டுக்கல் பக்கம் மழை இடைவெளி பார்த்து முன்னதாகவே வெட்டலாம்.

எப்படி வெட்டுவது? முதலில் செத்த கிளை. அடுத்து ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, பென்சிலை விட மெலிந்த நோஞ்சான் கிளை. இவை போனபின் நல்ல தடித்த கிளைகள் நான்கைந்து நின்றால் போதும். அவற்றைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவைத் தேர்ந்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, கணுவின் எதிர்ப்பக்கம் சரியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். கிளை நுனியில் உள்ள மொட்டு கீழே உள்ள கணுக்களைத் தூங்கவைத்திருக்கும். நுனி போனதும் அவை விழிக்கும். எந்தக் கணு மேலே நிற்கிறதோ அது பார்க்கும் திசையில்தான் புதுக்கிளை போகும். அதனால்தான் வெளிப்பக்கக் கணு. செடியின் நடுவில் காற்றும் வெளிச்சமும் நுழைய இடம் கிடைக்கும்.

வெட்டியதிலிருந்து சுமார் ஒன்றரை மாதத்தில் பூ வரும். செடி ரொம்ப மெலிந்திருந்தால் முதலில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். அந்தச் சத்து கிளைக்கும் வேருக்கும் போகட்டும்.

ஆளுயரம் வளர்ந்துவிட்டது, பூவே இல்லை

பச்சைப்பசேல் என்று நிற்கும் செடி பூக்காவிட்டால், முதலில் அந்தக் கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று விரலால் தடவிக்கொண்டே கீழே போங்கள். ஒட்டுமுடிச்சுக்குக் கீழிருந்தோ மண்ணுக்குள்ளிருந்தோ கிளம்பினால் அது வேர்ச்செடியின் கள்ளக்கிளை. வேகமாக, வெளிர்ப்பச்சையாக, சவுக்கு மாதிரி நீளும். முள்ளும் இலையும் மற்ற கிளைகளிலிருந்து வேறுபட்டிருக்கும். ஒரு காம்பில் ஏழு இலை இருந்தால் கள்ளக்கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு இலை வரும். கிளம்பும் இடம் ஒன்றுதான் சாட்சி. கள்ளக்கிளையைக் கத்தரியால் வெட்டினால் அடிக்கணுவிலிருந்து மூன்றாகக் கிளைக்கும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்தோடு கீழ்நோக்கிப் பிய்த்து எடுக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. முடிச்சிலிருந்தே அல்லது அதற்குச் சற்று மேலிருந்து, செக்கச் சிவந்த நிறத்தில் தடித்த ஒரு துளிர் திமிறிக்கொண்டு வரும். அதைக் கள்ளக்கிளை என்று நினைத்துப் பிடுங்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கிழச்செடி தன்னை இளமையாக்கிக்கொள்வது அந்தத் துளிரால்தான். அடுத்த சில வருடங்களுக்குப் பூ தரப்போவது அது. காற்றில் ஒடியாமல் ஒரு குச்சி நட்டுக் கட்டிவையுங்கள்.

கள்ளக்கிளை இல்லையென்றால் வெயிலைப் பாருங்கள். ரோஜாவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர நேர் வெயில் வேண்டும். நடும்போது திறந்த வெளியாக இருந்த இடம், பக்கத்து முருங்கையும் மாவும் வளர்ந்து இன்று நிழலாகியிருக்கும். மரக்கிளையைக் கழிப்பது சுலபம், பழைய ரோஜாவை இடம் மாற்றுவது கடினம். மாற்றியே ஆகவேண்டும் என்றால் மார்கழியில், கவாத்து செய்தபின், சுற்றிலும் அகலமாக மண்ணோடு தோண்டி எடுங்கள்.

வெயிலும் இருக்கிறது, கிளையும் சரி, ஆனாலும் இலை மட்டும் அடர்ந்து வருகிறது என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்துவிட்டது. யூரியாவையும் சாணக் கரைசலையும் நிறுத்துங்கள். பூத்து உதிர்ந்த காம்புகளை விட்டுவைக்காமல், கீழே முதல் ஐந்திலைக் கொத்து வரும் இடத்துக்கு மேலே வெட்டிக்கொண்டே வாருங்கள். காயாக விட்டால் செடி விதைக்கு உழைக்கும், பூவை நிறுத்தும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக்கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது மிகச் சாதாரணம். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் தண்ணீரின் சுண்ணாம்பால் மண்ணில் காரத்தன்மை ஏறி, வேருக்கு அது கிடைக்காது. தொட்டி விளிம்பில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உடனடி நிவாரணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) அரை மூடி எலுமிச்சைச் சாறும் கலந்து, கலந்த உடனே, மாலையில் இலைமேல் தெளியுங்கள். நிரந்தரத் தீர்வு தண்ணீரில்தான் இருக்கிறது. மழை பெய்யும்போது வாளிகளை வெளியே வைத்து நீரைப் பிடித்து, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றி உப்பை அடித்துளை வழியே கழுவி இறக்குங்கள். ஆண்டுக்கொரு முறை மக்கிய உரம் சேர்ப்பதும் காரத்தைக் குறைக்கும்.

அடி இலைகளில் ஓரமும் நரம்பிடையும் மஞ்சளாகி நரம்பை ஒட்டிப் பச்சை நின்றால் மெக்னீசியம் போதவில்லை. எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் தெளிக்கலாம். எப்சம் உப்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்று மாதாமாதம் போடுவது வீண். அடி இலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுத்து உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு, அல்லது வேரில் தண்ணீர் தேக்கம். உரத்தை எடுக்கும் முன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

இலையில் கரும்புள்ளி, அல்லது வெள்ளைப் பொடி

இரண்டும் பூஞ்சணம், ஆனால் இரண்டின் குணமும் வேறு.

கரும்புள்ளி வட்டமாக, ஓரம் நார்நாராகப் பிரிந்து தெரியும். சுற்றி மஞ்சள் படர்ந்து இலை உதிரும். வடகிழக்குப் பருவமழையில் ஒரே மாதத்தில் செடி மொட்டையாகிவிடும். இந்தப் பூஞ்சணத்தின் வித்து முளைத்து உள்ளே புக, இலை சுமார் 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். மழையை நாம் நிறுத்த முடியாது, ஆனால் சாயங்காலம் ஹோஸ் பிடித்து இலை மேல் தண்ணீர் அடிப்பதை நிறுத்த முடியும். காலையில், வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அடுத்த மழைக்கு அங்கிருந்துதான் தெறித்து ஏறும். மண்ணைத் தொடும் அடிக்கிளைகளை நீக்குங்கள். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் பூஞ்சண மருந்துகளில் மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், அல்லது கார்பென்டாசிம் 1 கிராம். ஏற்கெனவே புள்ளி விழுந்த இலை மருந்தால் சரியாகாது, இனி வருவதைத்தான் காப்பாற்றலாம்.

வெள்ளைப் பொடி என்னும் சாம்பல்நோய் மழை ஓய்ந்தபின், பகல் காய்ந்து இரவு குளிரும் மார்கழி, தை மாதங்களில் வரும். துளிரும் மொட்டுக் காம்பும் மாவு தூவியது போல வெளுத்துச் சுருளும். இதன் வித்துக்கு நனைந்த இலை தேவையில்லை. வெயில் ஏறும் காலையில் இலையைத் தண்ணீரால் கழுவிவிடுவது இதற்கு நல்லது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால், ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வெயில் நேரத்தில் வாரமொரு முறை தெளிப்பதே போதும். முற்றிவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கந்தகத்தை உச்சி வெயில் சூட்டில் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் தெளிக்கக் கூடாது.

தலையில் வைக்கவும் சாமிக்குச் சாத்தவும் பறிக்கும் செடி, குல்கந்துக்குப் பறிக்கும் பன்னீர் ரோஜா என்றால் பூ இருக்கும் காலத்தில் இரசாயன மருந்தே வேண்டாம். கவாத்து செய்து செடி மொட்டையாக நிற்கும் நாட்களில் மருந்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

துளிர் சுருள்கிறது, மொட்டு கருகுகிறது, தண்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது

மொட்டு விரியாமலே ஓரம் பழுப்பாகி, இதழ் கோணலாகி நின்றால் இலைப்பேன். ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்து மொட்டைத் தட்டுங்கள். கடுகை விடச் சிறிதாக, மெல்லிய கோடு போல ஓடினால் அதுதான். மாசி, பங்குனி வெயில் ஏற ஏறப் பெருகும். அது மொட்டின் மடிப்புக்குள் இருப்பதால் மேலே தெளிப்பது போய்ச் சேராது. கெட்ட மொட்டுகளைக் கொய்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பிறகு வேப்பெண்ணெய் 5 மி.லி., கரைவதற்குச் சிறிது சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர் என்று கலந்து வாரமொரு முறை மாலையில் துளிர்கள் நனையத் தெளியுங்கள். நீலநிற ஒட்டுப்பொறி ஒன்றைச் செடி உயரத்தில் கட்டிவைத்தால் எண்ணிக்கை ஏறுவது தெரியும்.

பச்சைப் பேன் கூட்டமாக மொட்டுக்காம்பில் மொய்த்து, எறும்பு ஏறி இறங்கினால் அசுவினி. இதற்கு மருந்தே வேண்டாம், இரண்டு மூன்று நாள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் விழுந்துவிடும். இலை தூசி படிந்தது போல மங்கி, அடிப்பக்கம் நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. காய்ந்த, சூடான இடத்தில்தான் அது வளரும், ஆகவே சித்திரை வெயிலில் காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவுங்கள்.

கவனிக்காமல் விட்ட பழைய செடியில் எல்லாவற்றையும் விடக் கொடியது செதில் பூச்சி. தண்டின் அடியில் செம்பழுப்பாக, வெள்ளையாக, சொறி பிடித்தது போல ஒட்டியிருக்கும். பட்டை என்றே பலர் நினைத்துவிடுவார்கள். நகத்தால் நிமிண்டினால் கழன்று வரும். ஓட்டுக்குள் ஒளிந்து சாறு உறிஞ்சுவதால் மேலோட்டமான தெளிப்பு எதுவும் செய்யாது. பழைய பல்துலக்கும் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் செதில் உள்ள இடத்தை மட்டும் துடைப்பது பழைய, பலன் தரும் முறை, பச்சைத்துளிரில் படக்கூடாது. நிறைய ஏறிப்போன கிளையை வெட்டி எரித்துவிடுவதே மேல்.

இலை ஓரத்தில் வட்டமாக, அரைநிலா வடிவத்தில், அச்சு வைத்தாற்போல வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்காக எடுத்துப்போனது. செடிக்கு அதனால் கேடில்லை, பக்கத்துக் காய்கறிச் செடிகளின் பூவுக்கு நன்மையே.

வாங்கி வந்தபோது பூத்தது, பிறகு தேய்ந்துகொண்டே போகிறது

நர்சரிச் செடிகள் பலவும் இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. லாரிப் பயணத்தில் உடையாமல் இருக்க அது நல்லது, தொட்டியில் வைத்தபின் கெடுதல். சுற்றிலும் நீங்கள் போட்ட பொலபொல மண் ஒரு வேகத்தில் காயும், உள்ளிருக்கும் உருண்டை இன்னொரு வேகத்தில். வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராது. அப்படித் தேய்ந்துபோன செடியை எடுத்து, உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் விரலால் களிமண்ணை முக்கால்வாசி கரைத்துவிட்டு மறுபடி நடுங்கள். ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு மெல்ல வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டுமுடிச்சில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடா தண்டை இறுக்கிக்கொண்டிருந்தால் அறுத்துவிடுங்கள்.

உதகையில் வாங்கி வந்த செடிகளுக்கு வேறு சிக்கல். 1995-இல் அமைந்து, 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது பெற்ற உதகை அரசு ரோஜாப் பூங்காவைப் பார்த்த ஆசையில் பலரும் அங்கிருந்து செடி வாங்கி இறங்குகிறார்கள். 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தின் குளிரில் வளர்ந்த செடி, மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ இறங்கினால் திணறத்தான் செய்யும். பிற்பகல் வெயில் மறையும் இடத்தில் வைத்து, பூவை எதிர்பார்க்காமல் அந்தக் கோடையைக் கடத்துங்கள். மழைக்குப் பின் துளிர்த்தால் பழகிவிட்டது என்று கொள்ளலாம்.

துளிர் வந்துவிட்டது, இனி உரம்

புதுத்துளிர் விரலளவு நீண்டு, சிவப்பு மாறிப் பச்சை ஏறத் தொடங்கியபின்தான் உரம். அது வேர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதுவரை தண்ணீர் மட்டும். முதலில் இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் தண்டைத் தொடாமல் சுற்றித் தூவி, லேசாகக் கிளறி, தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு கைப்பிடி எலும்புத்தூள். பஞ்சகவ்யம் தருபவர்கள் லிட்டருக்கு 30 மி.லி. என்ற அளவைத் தாண்ட வேண்டாம். நன்கு தழைத்தபின் கடலைப்புண்ணாக்கை ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து மாதமிருமுறை கொடுக்கலாம். தரையில் உள்ள பெரிய செடிக்குக் கவாத்துக்குப் பின் 10 கிலோ வரை மக்கிய தொழு உரம் தாங்கும்.

முட்டை ஓடு, வாழைப்பழத்தோல், டீத்தூள் எல்லாம் நேராகத் தொட்டியில் போடுவதை விட மக்கவைத்துப் போடுங்கள். முட்டை ஓடு மட்க வெகு காலம் ஆகும். போர் தண்ணீரால் ஏற்கெனவே காரமான மண்ணில் அதைச் சேர்ப்பது இரும்புக் குறைவை இன்னும் மோசமாக்கும்.

எப்போது கைவிடுவது

சுரண்டிப் பார்த்ததில் ஒட்டுமுடிச்சு உள்பட எங்கும் பச்சை இல்லை, அடித்தண்டு கையால் ஆட்டினால் ஆடுகிறது, வேர் கறுத்துவிட்டது என்றால் செடி முடிந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் மட்டும், தண்ணீர் சரியாகக் கொடுத்து ஆறேழு வாரம் பொறுங்கள். கோடையில் இன்னும் கொஞ்சம் கூடப் பொறுக்கலாம்.

பிடுங்கிய குழியிலேயே அடுத்த ரோஜாவை உடனே வைக்காதீர்கள். பழைய ரோஜா நின்ற மண்ணில் புது ரோஜா தேறாமல் நோஞ்சானாகவே நிற்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். பிடுங்கிய வேரில் சிறு சிறு முண்டுகள் தெரிந்தால் நூற்புழுவும் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி போடுங்கள். அதே இடம்தான் வேண்டும் என்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. இருக்கக் குழி எடுத்து, பழைய மண்ணை முழுக்க வெளியேற்றி, வெயிலில் பத்து நாள் குழியை ஆறவிட்டு, புது மண்ணும் தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பியபின் நடுங்கள். ஒட்டுமுடிச்சு மண்ணுக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும்.